ஒன்பது பேருக்கு ஒரு கூரை

குன்னத்தூர்
13.7.2003

மாமாவுக்கு சித்ரா எழுதுவது.

நல்லாயிருக்கிறேன்னு முதல் வரியில எழுதினா, அதை மட்டும் படிச்சுட்டுச் சட்டைப்பையில வச்சுக்குவீங்க. அதனால அதைக் கடைசியில எழுதறேன்.

இனிமே போன் பண்ணாதீங்க. போன்ல பேசினா நம்ம ரெண்டு பேருக்கும் சத்தம்தான் வருது. போன வாரம் நீங்க கூப்பிட்டப்ப அப்பா பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தாரு. பேசி முடிக்கற வரைக்கும் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பலை. எழுதுங்க. எழுதறப்ப நீங்க கொஞ்சம் யோசிப்பீங்க.

எதுக்குடி வந்தேன்னு அம்மா கேட்டா. அடிச்சாரா, குடிச்சாரான்னு கேட்டா. ரெண்டும் இல்லைன்னேன். அப்பறம் என்னன்னா. எனக்குச் சொல்லத் தெரியலை. படிக்கற பசங்க வந்து நாலு நாள் தங்கினதுக்கா இப்படிப் பொட்டியத் தூக்கிட்டு வந்தேன்னு சிரிக்கறா. உங்களுக்கும் அப்படித்தான் தோணும்.

அந்த ரெண்டு ஓவர்லாக் தையல் மெஷினும் நான் பனியன் கம்பெனியில நின்னு நின்னு கால் வீங்கி வாங்கினது. முன்னறையில போட்டு, ரெண்டு பொம்பளைங்களைக் கூட வச்சுட்டு, கம்பெனிகளுக்குத் தைச்சுக் குடுக்கற ஜாப் ஒர்க் சின்னதா எடுத்துச் செய்யலாம்னு உங்ககிட்டத்தான் முதல்ல சொன்னேன். "ஆரம்பி கண்ணு"ன்னீங்க. அன்னைக்கு வேலை முடிஞ்சு வந்து பார்த்தா முன்னறை பூரா பாய். மெஷின் ரெண்டும் வாசல்ல, தார்ப்பாய்க்கு அடியில. அதுவும் ஒழுங்கா மூடலை. மழைத்தண்ணி மோட்டாருக்குள்ள போயிருந்துச்சு. நீங்க ஒரு பையனுக்கு ரசம் ஊத்திட்டு இருந்தீங்க. என்னைப் பார்த்து, "இவங்களுக்கு எடமில்லை சித்ரா, கொஞ்ச நாளைக்குத்தான்"னீங்க.

அந்தக் கொஞ்ச நாளை என்னைக் கேட்டுட்டுக் குடுத்திருக்கலாமுங்க.

பசங்க மேல எனக்குக் கோவமில்லை. முனீஸ்னு ஒருத்தன், அன்னைக்கு நான் சாப்பிட்ட தட்டையும் சேர்த்துக் கழுவி வச்சான். அது எனக்கு இன்னும் கூச்சமா இருக்குது.

இங்கிருந்து தினமும் திருப்பூருக்கு பஸ்ஸுல போய் வர்றேன். நல்லாயிருக்கிறேன்.

சித்ரகலா

*

பல்லடம்
20.7.2003

அன்புள்ள சித்ராவுக்கு,

உன் கடிதம் பல்கலைக்கழக முகவரிக்கு வந்தது. ஸ்டாஃப் ரூமில் வைத்துப் படிக்க முடியாமல் புதுக் கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன்.

மெஷின் இரண்டையும் மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன். ஒன்று ஓடும் என்கிறார். இன்னொன்றுக்கு மோட்டாரை மாற்ற வேண்டுமாம். மாற்றச் சொல்லியிருக்கிறேன். மழை வரும் என்று நான் நினைக்கவில்லை. வானத்தைக்கூடப் பார்க்காதவன் என்று நீ சொல்வது காதில் விழுகிறது.

அந்தப் பையன்களைப் பற்றி உன்னிடம் சரியாகச் சொன்னதில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. கோவையில் தோழமை மன்றத்து வீட்டில் தங்கித்தான் நான் படித்தேன் என்று உனக்குத் தெரியும். காங்கேயத்திலிருந்து ஒரு பையோடு போய் இறங்கினேன். யாரும் எந்த ஊர், யார் பையன் என்று கேட்கவில்லை. "சாப்பிட்டாயா?" என்றுதான் கேட்டார்கள். சேர்ந்து சமைப்பது, சேர்ந்து படிப்பது, சாயங்காலம் அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. அந்த வீடு இல்லையென்றால் நான் இன்று கணக்கு வாத்தியார் இல்லை.

இங்கே பல்கலைக்கழகம் ஆரம்பித்து இது மூன்றாவது வருடம். ஆண்கள் விடுதிக்கு அஸ்திவாரம் போட்டு, கம்பிகள் மட்டும் துருப்பிடித்து நிற்கின்றன. முனீஸின் அம்மா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் தைக்கிறார். ஒற்றை அறை லைன் வீடு, அதில் ஐந்து பேர். பையன் தெரு விளக்கில் படித்துக்கொண்டிருந்தான். மற்றவர்களுக்கும் ஏறக்குறைய அதே கதைதான். நம் மன்றத்துக்கு இங்கே ஒரு கிளை தொடங்கலாமா சார் என்று அவர்களாகவே வந்து கேட்டார்கள். கோவைக்கு எழுதினேன். ஒன்பது பேரும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தால்தான் கிளை என்று ஒப்புக்கொள்வோம், ஆளுக்கொரு பக்கம் இருந்தால் அது வெறும் பெயர்ப்பலகை என்று பதில் வந்தது. அதனால்தான் அப்படிச் செய்தேன்.

பையன்கள் ஒழுங்காக இருக்கிறார்கள். பெரியகருப்பன் நன்றாகச் சமைக்கிறான். அக்கா எப்ப வருவாங்க என்று கேட்கிறார்கள். எப்போது வருகிறாய்?

அன்புடன்,
செல்வக்குமார்

*

குன்னத்தூர்
3.8.2003

மாமாவுக்கு,

கடிதம் கெடச்சுது. நான் கோவிச்சுட்டு வந்ததுக்குப் பதிலா பசங்க கதை பூரா வந்திருக்குது. முனீஸ் தெரு விளக்குல படிச்சதைப் படிக்கறப்ப எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க எப்பவுமே இப்படித்தானுங்க. நம்ம பேச்சு நடந்துட்டு இருக்கறப்ப, அதைவிடக் கஷ்டப்படற ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து நடுவுல நிறுத்திருவீங்க. அதுக்கப்பறம் நான் வாயைத் தொறந்தா நான்தான் கல்நெஞ்சக்காரி.

எப்ப வர்றேன்னு கேட்டிருக்கீங்க. எந்த ரூமுக்கு வர்றது? சமையக்கட்டுல பெரியகருப்பன் இருக்கறான். முன்னறையில ஒன்பது பேரு. பின்னாடி ரூம்ல உங்க விடைத்தாள். எனக்கு எங்க பாய் போடறதுன்னு முடிவு பண்ணிட்டு எழுதுங்க.

இங்கயும் இருப்புக் கொள்ளலை. சொந்தக்காரங்க யாராச்சும் வந்தா, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்தா"ன்னு அம்மா சொல்றா. வந்தவங்களே திரும்ப வந்தாலும் அதே ரெண்டு நாள்தான். நான் என்ற பழைய ரூம்ல படுத்துக்கறேன். ஆனா அதுல இப்ப அப்பாவோட உரமூட்டை அடுக்கியிருக்குது. எடுக்கச் சொல்ல வாய் வரலை.

கம்பெனியில ஷிப்மென்ட் நேரம். மெஷினைப் பத்தி நீங்க எழுதினதுக்குச் சந்தோசம். சரியானதும் சொல்லுங்க, எங்க கொண்டுபோறதுன்னு சொல்றேன். எனக்கும் ஒரு யோசனை இருக்குது. நல்லா முடிவானப்பறம் சொல்றேன். பாதியில சொன்னா அதுலயும் நீங்க யாரையாச்சும் குடி வச்சுருவீங்க.

வேளைக்குச் சாப்பிடுங்க. ரசத்தைப் பூரா அவங்களுக்கே ஊத்தாதீங்க.

சித்ரகலா

*

பல்லடம்
7.9.2003

அன்புள்ள சித்ராவுக்கு,

நீ எழுதியதில் நியாயம் இருக்கிறது. பதில் எழுதத் தொடங்கி மூன்று முறை கிழித்தேன். அதற்குள் இங்கே நிலைமை மாறிவிட்டது.

வீட்டுக்கார அம்மா வள்ளியாத்தாள் வந்து, காலி பண்ணச் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. "வாத்தியாரே, ரெண்டு பேருக்குன்னுதான் ஊடு உட்டேன். இப்ப அம்மிணியும் இல்லை. தொட்டித்தண்ணி எத்தனை தடவைதானுங்க ரொப்பறது?" என்றார். 

அன்றிலிருந்து வீடு தேடுகிறோம். முனீஸை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பல்லடத்தில் நான் போகாத தெரு இல்லை. கேட்டைத் திறக்கும் முன்பே "பேச்சிலருங்களா? வேண்டாமுங்க" என்பார்கள். ஒருவர் படிக்கிற பசங்கன்னா வாடகை எங்கிருந்து வரும் என்றார். கம்பெனிக்குப் போகிறவர்கள் என்றால் கொடுப்பாராம். ஒருவர், ஒன்பது பேர் என்றதும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடு அமைவது போலிருந்தது. உடுமலை ரோட்டில், கிணற்றோடு கூடிய பெரிய வீடு. வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஒன்பது பேரையும் வரச் சொல்லி எல்லோருக்கும் காபி கொடுத்தார். படிப்பைப் பற்றிக் கேட்டார். பிறகு ஒவ்வொருவரிடமும் எந்த ஊர், அப்பா பேர் என்ன, ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். கேட்டு முடித்ததும் என்னைத் தனியாக மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூட்டிப் போனார்.

"ஏழு பேருக்குக் குடுக்கறனுங்க. அந்த ரெண்டு தம்பிங்களை மட்டும் வேற எடம் பார்த்துக்கச் சொல்லுங்க. தப்பா நினைக்காதீங்க. எனக்கு ஒண்ணுமில்லை. அக்கம்பக்கம் பேசுவாங்க."

முனீஸும் பெரியகருப்பனும்தான் அந்த இரண்டு பேர். கிணற்றடியில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கிறது. ஒன்பது பேரும் வந்தால் வருகிறோம், இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திரும்பும்போது முனீஸ், "சார், ஏழு பேருக்காவது கிடைக்கட்டும். நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிடுதோம்" என்றான். குன்னத்தூர்ப் பையன் பிரதீப்புக்கு அந்த வீட்டுக்காரர் தூரத்துச் சொந்தமாம். "நீ சும்மா இருடா" என்று அவனை அதட்டிவிட்டு, பிரதீப்தான் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தான்.

சித்ரா, நான் ஒன்று கேட்கிறேன். கல்யாணத்தின்போது உன் அப்பா உன் பேரில் எழுதி வைத்த பல்லடம் தறிக் குடோன் சும்மாதானே கிடக்கிறது? தறிகளை விற்ற பிறகு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை என்று நீதான் சொன்னாய். போர்வெல் தண்ணீர் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு நடந்தே வந்துவிடலாம். பையன்களுக்குக் கொடுக்க முடியுமா? யோசித்து எழுது.

அன்புடன்,
செல்வக்குமார்

*

பல்லடம்
28.9.2003

அன்புள்ள சித்ராவுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. கேட்டது தவறோ என்று தினமும் தோன்றுகிறது.

வீட்டைக் காலி செய்துவிட்டோம். நம் கட்டிலும் பீரோவும் பிரதீப்பின் மாமா வீட்டு மாடியில் இருக்கின்றன. மெஷின் இரண்டும் சரியாகி மெக்கானிக் கடையில் இருக்கின்றன. அவற்றை வேறெங்கும் நான் நகர்த்தவில்லை.

பையன்கள் சிதறிவிட்டார்கள். மூன்று பேர் திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு பனியன் கடையின் அட்டாலிப் பரணில் மூட்டைகளுக்கு நடுவே படுக்கிறார்கள். முனீஸ் அம்மாவின் லைன் வீட்டுக்கே போய்விட்டான். பெரியகருப்பன் ஒரு கோழிப்பண்ணையில் காவலுக்கு இருக்கிறேன் என்று இடம் பிடித்திருக்கிறான். வகுப்பில் பக்கத்தில் உட்காரவே மற்றவர்கள் தயங்குகிறார்கள், சட்டையில் அந்த வாடை. நான் இப்போதைக்கு ஆபீஸ் கிளார்க் கன்னையனின் அறையில் இருக்கிறேன்.

கோவையிலிருந்து மன்றத்துக்காரர்கள் வந்தார்கள். எங்களைப் பார்த்துவிட்டு, பொங்கலுக்குள் ஒரு கூரை அமையாவிட்டால் கிளை வேண்டாம், பையன்களை வீணாக அலைக்கழிக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் பேசும்போது ஒன்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு வரியாவது எழுது. முடியாது என்றாலும் எழுது.

செல்வக்குமார்

*

குன்னத்தூர்
12.10.2003

மாமாவுக்கு,

உங்க கடிதம் ரெண்டும் வந்துச்சு. பதில் எழுதாததுக்குக் காரணம் இருக்குது. குடோனைக் கேட்டிருந்த கடிதம் வந்தன்னைக்கு நான் குடோன்லதான் இருந்தேன்.

அந்த யோசனைன்னு எழுதினேனே, அது இதுதானுங்க. தறிக் குடோனைக் கூட்டிப் பெருக்கி, வெள்ளையடிச்சு, கரண்டு சரி பண்ணி, என்ற ரெண்டு மெஷினோட இன்னும் ரெண்டு மெஷினும் போட்டு யூனிட் ஆரம்பிக்கறதுன்னு. எங்க கம்பெனி முதலாளி சின்ன ஆர்டர் தர்றேன்னு ஒத்துக்கிட்டாரு. கூட வேலை செய்யற தெய்வாத்தாள் அக்காவும் வர்றேன்னுட்டாங்க. அப்பாகிட்டகூட இன்னும் சொல்லலை. உங்ககிட்டத்தான் முதல்ல சொல்லோணும்னு இருந்தேன். சந்தோசமா ஊட்டுக்கு வந்து உங்க கடிதத்தைப் பிரிச்சா, குடோன் சும்மாதானே கெடக்குதுன்னு எழுதியிருக்கீங்க.

உங்க கண்ணுக்கு என்ற சாமான் இருக்கற எடம் எல்லாமே சும்மா கெடக்கற எடம்தான். இதை எழுதிட்டு அடிச்சரலாமான்னு பார்த்தேன். அடிக்கலை.

போன வியாழக்கிழமை முனீஸ் வந்தான். நீங்க அனுப்பலைன்னு அவனே சொன்னான், நம்பறேன். நானும் தெய்வாத்தாள் அக்காவும் சுவத்தைச் சொரண்டிட்டு இருந்தோம். வாசல்லயே நின்னு, "அக்கா, எடத்தைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்"னான். உள்ள வாடான்னேன். நான் மெஷினுக்குச் சாக்பீஸ்ல கோடு போட்டு வச்சிருந்தேன். அதைப் பார்த்தான். இது எதுக்குக்கான்னு கேட்டான். சொன்னேன்.

கோட்டை மிதிக்காம ஓரமா நகர்ந்து நின்னான். அப்பறம், "எங்கம்மாவும் ரொம்ப வருசமா ஒரு மெஷினாச்சும் சொந்தமாப் போடணும்னு சொல்லிக்கிட்டிருக்காக்கா. இது உங்க எடம். நீங்க போடுங்க"ன்னான்.

"அப்ப நீங்க எங்கடா போவீங்க?"

"பார்ப்போம்க்கா."

சொரண்டற தகடை என்ற கையில இருந்து வாங்கி, மேக்கால சுவத்தைப் பூரா அவனே சொரண்டிக் குடுத்துட்டுப் போனான். எதையும் கேக்கலை. அவன் கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். கேக்காம போனதாலதான் மூணு நாளா எனக்கு வேலை ஓட மாட்டேங்குது.

எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலீங்க. உங்களுக்குத் தெரிஞ்சாலும் சொல்லாதீங்க.

சித்ரகலா

*

பல்லடம்
19.10.2003

அன்புள்ள சித்ராவுக்கு,

எதையும் சொல்லாதே என்று எழுதியிருக்கிறாய். ஒன்றே ஒன்று மட்டும் எழுதுகிறேன். குடோனை நான் இனிக் கேட்கமாட்டேன். நீ யூனிட் ஆரம்பி. மெஷின்களை எந்த நாளில் கொண்டுவர வேண்டும் என்று எழுது. நானே கூட வந்து இறக்கி வைக்கிறேன். எங்கே வைக்கச் சொல்கிறாயோ அங்கே வைக்கிறேன்.

நேற்று பையன்களைக் கூப்பிட்டுப் பேசினேன். குடோன் அக்காவுக்கு வேண்டும், நாம் வேறு பார்ப்போம், அமையாவிட்டால் கிளையை விட்டுவிடுவோம், மன்றம் இல்லாவிட்டாலும் படிக்கலாம் என்றேன். பெரியகருப்பன் சிரித்தான். "சார், நீங்க அந்த வீட்ல இருந்ததாலதான் படிச்சீங்கன்னு இத்தனை நாள் சொன்னீங்களே" என்றான். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டான். 

நீ ஆகஸ்ட் கடிதத்தில் எழுதியதை நினைத்துப் பார்க்கிறேன். நம் பேச்சுக்கு நடுவில் இன்னொரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்றாயே. இந்தக் கடிதத்திலும் பெரியகருப்பன் வந்துவிட்டான். இப்போதுதான் கவனித்தேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம், ஆனால் அது இன்னும் பொய்யாக இருக்கும்.

கன்னையன் அறையில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவர் வைத்திருக்கும் ரேடியோ காரணம் இல்லை. வேலை முடிந்து எங்கே போவது என்று யோசித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். திருப்பூர் பஸ் வரும், பொள்ளாச்சி பஸ் வரும், கோவை பஸ் வரும். எதிலும் ஏறாமல் நிற்கிறேன். நீ வந்து இறங்கிவிடுவாய் என்று நினைத்து நிற்கிறேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

தீபாவளிக்கு உன் அப்பா கூப்பிடவில்லை. நானும் வருவதாக இல்லை. அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

செல்வக்குமார்

*

திருப்பூர்
23.11.2003

மாமாவுக்கு,

மேல ஊர்ப்பேரைப் பார்த்துட்டு யோசிப்பீங்க. முதல்லருந்து சொல்றேன்.

குடோன்ல பாதியைப் பசங்களுக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். கிழக்குப் பாதி என்ற யூனிட். மேற்குப் பாதி அவங்களுக்கு. நடுவுல ஹாலோ பிளாக் வச்சுக் கூரை வரைக்கும் சுவர். அவங்களுக்கு வாசல் தனி, எனக்கு வாசல் தனி. தண்ணி போர்ல இருந்து ரெண்டு பைப்பு. கொத்தனாருக்குச் சித்தாள் வேலையைப் பசங்களே பார்த்துக்கோணும். வாடகை வாங்குவேன். அக்ரிமென்ட் அவங்க மன்றத்துப் பேருல இருக்கோணும், உங்க பேருல வேண்டாம்.

இன்னொண்ணு. நீங்க அங்க தங்கக் கூடாதுங்க. பாடம் சொல்லிக் குடுக்கப் போங்க, வாங்க. ஆனா நீங்க அங்க போய்ப் பாயை விரிச்சீங்கன்னா அப்பறம் உங்களுக்கு ஊடு அதுவே ஆயிரும். நான் உங்ககிட்ட வாடகை வாங்கறவளா மட்டும் ஆயிருவேன்.

இதைப் பாவம் பார்த்துச் செய்யலை. சுவத்தைச் சொரண்டறப்ப யோசிச்சேன். நாலு மெஷினுக்கு அத்தனை பெரிய குடோன் வேண்டியதில்லை. பெருசா வர்றப்ப பார்த்துக்கலாம்னு மிச்ச எடத்தைப் பூட்டி வச்சா, எனக்கே அது புடிக்காது. அவ்வளவுதான்.

அப்பாகிட்ட நேரா சொன்னேன். சாப்பிட்டுட்டு இருந்தாரு.

"எந்த ஊருப் பசங்க?"

எல்லா ஊரும்னேன். அவரும் அந்தக் கிணத்தூட்டுக்காரரு மாதிரியே ஒவ்வொரு கேள்வியா கேட்டாரு. அவருக்கு வேண்டியது கெடச்சதும் சாப்பாட்டுல கை நின்னுருச்சு.

"தெரிஞ்சுதான் குடுக்கறயா கண்ணு?"

"தெரிஞ்சுதானுங்கப்பா."

"குடோன் உன்ற பேருல இருக்குது. நான் தடுக்க முடியாது. ஆனா நாளைக்கு நாலு பேரு வந்து கேட்டா, என்ற ஊட்டுல உக்காந்துட்டு நீ இதைச் செய்யறேன்னு இருக்கக் கூடாது."

கத்தலை. வெளிய போன்னும் சொல்லலை. கையக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அதுக்கப்பறம் நான் பரிமாறினா அவருக்குப் பசிக்கறதில்லை. ஒரு வாரம் பார்த்தேன். ஆத்தப்பன் மகள்னு ஊருக்குள்ள என்னைச் சொல்றப்ப எனக்கு எப்பவும் பெருமையாத்தான் இருக்கும். இப்பவும் அவரை வெறுக்க முடியலை. அம்மா பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தா.  முறுக்கு டப்பாவைக் கையில குடுத்துட்டு நின்னா.

இப்ப தெய்வாத்தாள் அக்கா ஊட்டுல இருக்கறேன். அவங்களுக்கும் ரெண்டு பிள்ளைங்க, எடம் பத்தாது. ரொம்ப நாள் இருக்க முடியாது.

மெஷினை அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க. மழை வராத நாளா பார்த்து.

சித்ரகலா

*

பல்லடம்
14.12.2003

அன்புள்ள சித்ராவுக்கு,

மார்கழி பிறக்கும் முன்பே பையன்கள் குடி போய்விட்டார்கள். நீ ஆர்டர் விஷயமாகக் கம்பெனிக்குப் போயிருந்ததால் பார்க்க முடியவில்லை. சுவர் காயும் முன்பே பால் காய்ச்சினார்கள். பெரியகருப்பன் பொங்கல் வைத்தான், அடிப்பிடித்துவிட்டது. கோவை மன்றத்திலிருந்து வந்தவர்கள் அதையும் சாப்பிட்டுவிட்டு, கிளையை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். அப்போது முனீஸ் எழுந்து வெளியே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தான்.

நீ சொன்னபடி நான் தங்கவில்லை. எல்லோரும் பாய் போடத் தொடங்கியதும் கிளம்பினேன். "இருங்க சார்" என்றார்கள். இல்லையப்பா, எனக்கு அனுமதி இல்லை என்றேன். சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நான் இறக்கி வைத்த உன் மெஷின்கள் இருந்தன. உன் வாசல் பூட்டியிருந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பூட்டின் எதிரில் நின்றுவிட்டு வந்தேன்.

அக்கம்பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து யார், என்ன என்று விசாரித்தார்கள். முனீஸின் அம்மா மூக்கம்மாள் அன்று வந்திருந்தார். "படிக்கிற பிள்ளைகய்யா. சாயங்காலம் உங்க பிள்ளைகளையும் அனுப்புங்க, சொல்லிக் குடுப்பாக" என்றார். ஒருவர் தலையாட்டினார். ஒருவர் போய்விட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு வாரமாக நாலு பிள்ளைகள் வருகிறார்கள்.

சித்ரா, உன் அப்பாவைப் போய்ப் பார்க்கட்டுமா? நான் கேட்டதால் அல்லவா உனக்கு இது வந்தது? நீ கொடுத்தபோது பாவம் பார்த்துக் கொடுக்கவில்லை என்று எழுதினாய். சரி. ஆனால் உன் வீட்டை விட்டு நீ வந்ததில் எனக்குப் பங்கு இருக்கிறது. ஒன்பது பேருக்குக் கூரை தேடிக்கொண்டு, வீட்டிலிருந்த ஒருத்திக்குக் கூரையில்லாமல் செய்துவிட்டேன். இந்தக் கணக்கு எனக்கு ஜூலையிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

என்னை நீ எங்கே வரச் சொன்னாலும் வருவேன். வரச் சொல்லாவிட்டால் வந்து நிற்கமாட்டேன். கேட்காமல் எதையும் செய்யக்கூடாது என்று இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

உன் அன்புள்ள,
செல்வக்குமார்

*

திருப்பூர்
11.1.2004

மாமாவுக்கு,

அப்பாவைப் போய்ப் பார்க்க வேண்டாமுங்க. அவரு எனக்கும் உங்களுக்கும் நடுவுல வர்றதுக்கு நான் விரும்பலை. அவரே ஒரு நாள் யூனிட்டைப் பார்க்க வருவாரு. வரலீன்னா நான் போய்க்கறேன்.

யூனிட் ஓடுது. முதல் ஆர்டர் குழந்தைங்க பனியன். மூக்கம்மாள் அக்கா இப்ப என்கிட்டத்தான் வர்றாங்க. தையல் அவ்வளவு சுத்தம். சுவத்துக்கு அந்தப் பக்கம் பசங்க சத்தமாப் படிக்கறாங்க, இந்தப் பக்கம் மெஷின் சத்தம். யாரு யாரைத் தொந்தரவு பண்றாங்கன்னு தெரியலை. முனீஸைக் கூப்பிட்டு, ஷிப்மென்ட் வாரத்துல மட்டும் கொஞ்சம் மெதுவாப் படிங்கடான்னு சொன்னேன். சரிக்கான்னான்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். ரெண்டு வாரமா நான் ஊடு தேடறேன். பல்லடத்துலதான், யூனிட்டுக்குப் பக்கமா. நீங்க போன தெருவுக்கெல்லாம் நானும் போயிட்டேன்.

முதல் ஊட்டுல ஒரு அம்மா, "ஊட்டுக்காரரு என்ன பண்றாருங்க?"ன்னு கேட்டாங்க. வாத்தியாருன்னேன். "அவரு வரலீங்களா?" நான் கொஞ்சம் யோசிச்சேன். அந்தக் கொஞ்சத்துக்குள்ள அவங்களுக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. இன்னொருத்தங்களுக்குச் சொல்லிட்டோம்னாங்க. வாசல்ல வாடகைக்குன்னு போர்டு தொங்குது.

ரெண்டாவது ஊட்டுல ஒருத்தரு, தனியா இருக்கறவங்களா, ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க, உங்களைப் பார்க்க யாராரு வருவாங்கன்னு கேட்டாரு. நான் பதில் சொல்லிட்டே இருந்தேன். நடுவுல எனக்கே கோவம் வந்து, நீங்க எங்கிட்ட என்னங்க கேக்கறீங்கன்னேன். வேண்டாமுங்கன்னுட்டாரு. இப்படியே நாலஞ்சு ஊடு. யூனிட்டுக்கு ஓனரு, நாலு பேருக்குச் சம்பளம் குடுக்கறேன். ஒரு ரூமு வாடகைக்குக் கெடைக்கலை. வர்ற வழியில ஒரு கல்லு மேல உக்காந்துட்டேன். நீங்க வண்டியில பின்னாடி முனீஸை வச்சுட்டுத் தெருத்தெருவா அலைஞ்சது நெனப்பு வந்துச்சு. அந்தக் கடிதத்தைப் படிக்கறப்ப எனக்கு உங்க மேல கோவம்தான் இருந்துச்சு. அலைஞ்சது கண்ணுல படலை.

நேத்து ஒரு ஊடு பார்த்தேன். ஓனரு கோழிப்பண்ணை வச்சிருந்தவரு, இப்ப வயசாயிருச்சு. ரெண்டு ரூமு, ஒரு சமையக்கட்டு, பின்னாடி துணி காயப்போட எடம். எனக்குப் புடிச்சுப் போச்சு. சாவியைக் கையில வச்சுட்டே கேட்டாரு.

"எத்தனை பேருங்க அம்மிணி?"

"ரெண்டு பேருங்க. நானும் ஊட்டுக்காரரும்."

"அவரு எப்ப வருவாரு?"

"சாமானெல்லாம் ஏத்திட்டுத் தைக்கு வந்துருவாருங்க."

திக்காம சொன்னேன். எப்படி வந்துச்சுன்னே தெரியலை.  மார்கழியில குடி போக வேண்டாம், தை பொறந்ததும் பத்தொம்பதாந்தேதி திங்கக்கிழமை காலையில ரெண்டு பேரும் வந்து அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போடுங்கன்னு சொல்லியிருக்காரு.

நான் நீங்க திருந்திட்டீங்கன்னு நம்பி இதை எழுதலீங்க. நாளைக்கே ரோட்டுல ஒரு பையன் மழையில நின்னா நீங்க கூட்டிட்டுத்தான் வருவீங்க. அது எனக்குத் தெரியும். கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி என்னைக் கேளுங்க. நான் சரின்னும் சொல்லுவேன், முடியாதுன்னும் சொல்லுவேன். முடியாதுன்னா, அதைக் கேட்டுட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டு உக்காரக் கூடாது. இதுக்கு ஒத்துக்கிட்டா வாங்க.

திங்கக்கிழமை காலையில பல்லடம் பஸ் ஸ்டாண்டுல இருப்பேன். நீங்க வரலீன்னா கோவிச்சுக்க மாட்டேன். நேரா போய் அவருகிட்ட, ஒருத்திதானுங்க, குடுப்பீங்களான்னு கேட்டுருவேன். குடுக்கலீன்னா அடுத்த தெரு.

ரெண்டு பேருன்னு நான் அவருகிட்டச் சொன்னது பொய்யா நெசமான்னு எனக்கு இன்னும் தெரியலீங்க. பதில் எழுத வேண்டாம். எழுதினா வந்து சேர நாளாகும்.

சித்ரா